சீட்டுக் காசும் ஆறு கசற்றும்: அடுத்து எதை வாங்குவது?

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

எனக்கு இந்த சவுண்ட் செட் பைத்தியம் இருப்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். புதிதாக ஸ்பீக்கர் வாங்கினவர்களும், வெளிநாட்டுப் பார்சலில் செட் வந்து இறங்கினவர்களும் "சேர், இதை ஒருக்கா வந்து பூட்டித் தாங்க" என்று கூப்பிடுவார்கள். போவேன். பிளேன்ரீ குடித்துவிட்டு வயரைக் கொளுவிக் கொடுத்துவிட்டு வருவேன். அப்போது எல்லாரும் கடைசியில் கேட்பது ஒரே கேள்விதான். "அடுத்து என்ன வாங்கலாம் சேர்?"

சென்ற மாதம் அந்தக் கேள்வி எனக்கே வந்தது. சீட்டு விழுந்தது. வீட்டுக்கும் பிள்ளைகளின் ரியூசனுக்கும் எடுத்துவைத்தது போக 80,000 ரூபா மிஞ்சியது. மனைவி என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டா, "இதை உங்கட பெட்டிக்குத்தானே போடப் போறீங்க?" என்று. நான் மறுக்கவில்லை.

என்னிடம் இருப்பது பெரிய செட் ஒன்றும் இல்லை. பழைய ஜப்பான் அம்ப் ஒன்று, பக்கத்துக்கு 40 வோட்ஸ். லண்டன் மச்சான் கொண்டுவந்து தந்த சின்ன ஸ்பீக்கர் ஒரு சோடி. ஒரு சீடி பிளேயர். மற்றது கையில் இருக்கிற போன். கேட்பது பெரும்பாலும் மனிதக் குரல்கள். அப்துல் பாசித், ஹுஸரி, மின்ஷாவி ஆகியோரின் கிராஅத். நாகூர் ஹனீபா. பழைய இலங்கை வானொலி நிகழ்ச்சிகள், அதிலும் பி.எச். அப்துல் ஹமீதின் குரல். (இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தை இங்கே திறக்க வேண்டாம். அதை உலமாக்களிடம் கேளுங்கள். என்னிடம் வோல்டும் வோட்ஸும் வயரும் கேளுங்கள்.)

ஆலோசனைக்குக் குறைவில்லை. மச்சான் சொன்னார், இன்டர்நெட்டில் இருந்து நேரே எடுத்துப் பாடுகிற ஸ்ட்ரீமர் வாங்கு என்று. மருமகன் சொன்னான், "மாமா, சப்வூபர் இல்லாமல் இதெல்லாம் ஒரு செட்டா?" என்று. கூட்டாளி ஒருவர் சொன்னார், அம்பை மாற்று, 40 வோட்ஸ் இந்தக் காலத்தில் காணாது என்று. மகள் ரி.வி.க்குக் கீழே வைக்கிற சவுண்ட்பார் ஒன்றைப் படத்தோடு அனுப்பினாள்.

ஒவ்வொன்றையும் நான் ஒரே கேள்வியால் அளந்து பார்த்தேன். இப்போது எனக்குக் கேட்காத எதை இது கேட்க வைக்கும்? இந்தப் பதிவில் நான் சொல்ல வருவதும் இந்தக் கேள்வியைத்தான். புதிதாக எதையாவது வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போகுமுன் இதைக் கேட்டுப் பாருங்கள்.

முதலில் வோட்ஸ். நம்மவர்கள் ஏமாறுகிற இடம் இதுதான். பெட்டியில் 2000 வோட்ஸ், 5000 வோட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அது ஒரு கணத்தில் உச்சமாக வரலாம் என்று கணக்குப் போட்டு எழுதிய எண். தொடர்ந்து வருகிற பவர் அதில் சின்னப் பங்கு. அதைவிட முக்கியமான விசயம் ஒன்று உண்டு. அம்பின் பவரை இரட்டிப்பாக்கினால் சத்தம் கூடுவது 3 டெசிபல் மட்டும்தான். காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று படவேண்டுமானால் சுமார் 10 டெசிபல் கூடவேண்டும். அதற்குப் பவர் பத்து மடங்கு வேண்டும். 40 வோட்ஸை 80 ஆக்கினால் பக்கத்து வீட்டுக்காரர் கோபம்தான் கொஞ்சம் கூடும். நமக்குப் புதிதாக ஒன்றும் கேட்காது.

ஸ்பீக்கரின் பின்னால் 86 டெசிபல், 89 டெசிபல் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வோட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் எவ்வளவு சத்தம் வரும் என்பதற்கான கணக்கு அது. 86 ஸ்பீக்கருக்குப் பதிலாக 89 ஸ்பீக்கர் வைத்தால், அம்பை மாற்றாமலே பவரை இரட்டிப்பாக்கினதற்குச் சமம். சாதாரணமாக நாம் எதிரெதிரே இருந்து கதைப்பது 60 டெசிபல் அளவு. அப்படியென்றால் நம் வீட்டு ஹோலில் நாம் கேட்பதற்கு ஒரு வோட்டே தாராளம். மிச்ச 39 வோட்ஸும் திடீரென்று எழும்பும் சத்தங்களுக்கான சேமிப்பு. ஆகவே அம்ப் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

இரண்டாவது சப்வூபர். நம் தெருக்களில் மதிலும் மதிலும் ஒட்டியிருக்கிறது. தாழ்ந்த ஒலி சுவரால் நிற்காது. அது நமக்குச் சுகமாகக் கேட்கும்போது அடுத்த வீட்டில் நோயாளியின் கட்டில் அதிரும். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நாம் ஜும்ஆவில் கேட்டதை நான் இங்கே திரும்பச் சொல்லத் தேவையில்லை. கிராஅத்துக்கும் பேச்சுக்கும் சப்வூபர் செய்யும் உதவியும் மிகக் குறைவு. அதுவும் வேண்டாம்.

மூன்றாவது, அறை. இதற்குக் காசே வேண்டாம். ஆனால் நூறு வீட்டில் ஒரு வீட்டில்தான் இதைச் செய்திருக்கிறார்கள். நம் வீட்டு ஹோலை நினைத்துப் பாருங்கள். நிலத்தில் டைல்ஸ், சுவரில் சீமெந்துப் பூச்சு, கண்ணாடி யன்னல். நடுவில் நின்று ஒரு முறை கை தட்டிப் பாருங்கள். "டிர்ர்" என்று ஒரு சத்தம் சுவருக்குச் சுவர் ஓடும். ஸ்பீக்கரில் இருந்து வரும் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் அந்தச் சத்தம் ஒட்டிக்கொண்டுதான் உங்கள் காதுக்கு வருகிறது. 50,000 ரூபா அம்பாலும் ஐந்து லட்சம் ரூபா அம்பாலும் அதை அகற்ற முடியாது.

நான் செய்தது இவ்வளவுதான். ஷோகேஸின் மேல், கூரைக்குக் கிட்ட இருந்த ஸ்பீக்கர்களை இறக்கி, இருந்து கேட்கும்போது காதின் உயரத்துக்கு வரும்படி இரண்டு ஸ்ரூலில் வைத்தேன். மூலையில் இருந்து விலக்கினேன். மூலைக்குள் தள்ளினால் அடித்தொண்டை ஒலி வீங்கி, குரல் பானைக்குள் இருந்து வருவது போல் கேட்கும். பின் சுவரில் இருந்து இரண்டு அடி முன்னால் எடுத்தேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் நான் இருக்கும் கதிரைக்கும் இடையே தூரம் ஏறக்குறையச் சமமாக, முக்கோணமாக வைத்தேன். நிலத்தில் ஒரு கம்பளம் விரித்தேன். ஒரு பக்கச் சுவரில் புத்தக அலுமாரியை நகர்த்தினேன், யன்னலுக்குத் தடித்த திரை போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அன்று பின்னேரம் ஹுஸரியின் பழைய பதிவைப் போட்டேன். அவர் ஆயத்துக்கும் ஆயத்துக்கும் இடையில் மூச்சு எடுப்பது கேட்டது. பத்து வருடமாக அதே பதிவைக் கேட்கிறேன், அந்த மூச்சு எனக்குக் கேட்டதில்லை. முழுக் குர்ஆனையும் அவர் முரத்தலாக ஓதிப் பதிவு செய்தது 1960களின் தொடக்கத்தில். அந்தக் காலத்து ஒற்றை மைக் பதிவிலேயே இவ்வளவு இருந்திருக்கிறது. கெடுத்துக்கொண்டிருந்தது என் வீட்டுச் சுவர்.

ஆகவே யார் என்னிடம் கேட்டாலும் நான் சொல்லும் முதலாவது அப்கிரேட், ஸ்பீக்கரை ஷோகேஸில் இருந்து இறக்குங்கள் என்பதுதான்.

ஒரு எச்சரிக்கையையும் இடையில் சொல்லிவிடுகிறேன். கனடாவில் இருந்து செட் அனுப்புகிறவர்களும் எடுக்கிறவர்களும் கவனியுங்கள். அங்கே கரண்ட் 120 வோல்ட், இங்கே 230 வோல்ட். பின்பக்கத்தில் "120" என்று மட்டும் எழுதியிருந்தால், பிளக்கை மாற்றி நேரே கொளுவ வேண்டாம். கொளுவினால் புகைதான் வரும். வோல்ட் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும். லண்டன், பிரான்ஸ், ஜேர்மனிச் சாமான்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. நம் ஊரின் உப்புக் காற்றையும் மறக்கவேண்டாம். மாதத்துக்கு ஒரு தடவையாவது செட்டைப் போட்டுக் கேளுங்கள், வயர் கொளுவும் இடங்களைக் கழற்றித் துடைத்துப் பூட்டுங்கள். அலங்காரத்துக்கு மூடி வைத்த செட்தான் கெதியாகப் பழுதாகும்.

சரி. அறை திருந்தியது. 80,000 ரூபா அப்படியே இருந்தது. மச்சான் சொன்ன ஸ்ட்ரீமர் மட்டும்தான் மிச்சம். உண்மையைச் சொன்னால் அதற்கு மனம் கொஞ்சம் சாய்ந்தது. அந்த நேரத்தில்தான் பிஸ்கட் ரின் வந்தது.

வாப்பாவின் தங்கச்சி, எங்கள் மாமி, கொழும்பில் கலியாணம் முடித்து அங்கேயே இருந்தவ. அவ வபாத்தாகி வீட்டை ஒழுங்குபடுத்தும்போது, மாமியின் மகள் ஒரு பிஸ்கட் ரின்னை எடுத்து எனக்கு அனுப்பினா. உள்ளே ஆறு கசற். மேலே நீல மையில் வாப்பாவின் கையெழுத்து. "தங்கச்சிக்கு, 1984."

இளம் பிள்ளைகளுக்கு இது விளங்காது என்பதால் சொல்கிறேன். 80களில் நம் ஆட்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் போனபோது வீட்டுக்கு வீடு டெலிபோன் கிடையாது. கடிதம் எழுதுவார்கள். எழுத நேரமில்லாதவர்களும் எழுதத் தெரியாதவர்களும் கசற்றில் பேசி, ஊருக்கு வருகிறவர்களின் கையில் கொடுத்தனுப்புவார்கள். இங்கே வீடே கூடி இருந்து கேட்கும். பிறகு அதே கசற்றின் மேலேயே பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவார்கள். எத்தனை குரல்கள் அப்படி ஒன்றின் மேல் ஒன்று அழிந்து போயிருக்கும்!

வாப்பா 1981 இல் சவூதிக்குப் போனார். 1984 இல் லீவில் வந்தபோது ஒரு டபுள் கசற் ரேப் கொண்டுவந்தார். அந்த லீவில்தான் கொழும்பில் இருந்த தங்கச்சிக்காக ஊரின் சத்தத்தை எல்லாம் அதில் பிடித்திருக்கிறார். தங்கச்சிக்கு ஊர் நினைவு, பாவம், வரவும் முடியாது என்று. எனக்கு அப்போது 6 வயது.

அந்த ரேப் இன்று எங்கே என்று எனக்குத் தெரியாது. 1990 ஒக்டோபர் 30 அன்று எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் தரப்பட்டது. எனக்கு 12 வயது. அந்தக் கதையை நான் இங்கே எழுதப் போவதில்லை, வாசிக்கிற உங்களில் பாதிப் பேர் என்னோடு நடந்தவர்கள். புத்தளத்தில் வளர்ந்து, படித்து, திரும்பி வந்து, இன்று அதே தெருவில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன், அல்ஹம்துலில்லாஹ். போனவற்றின் கணக்கு எழுதும்போது நாம் வீடு, காணி உறுதி, நகை, கடைச் சாமான் என்று எழுதுவோம். படங்கள் போனதைச் சிலர் சொல்வார்கள். குரல்கள் போனதை யாரும் எழுதியதில்லை. மூத்தவர்கள் ஓதிய ஓதல், கலியாண வீட்டில் பாடிய பாட்டு, நோன்பு இரவில் தெருவில் கேட்ட சத்தம் எல்லாம் இருந்த கசற்றுகள் அந்த வீடுகளுக்குள்தான் இருந்தன. தப்பியது இப்படி ஊருக்கு வெளியே, ஒரு மாமியின் அலுமாரியில், ஒரு லண்டன் காக்காவின் பரணில் இருந்தவை மட்டும்தான்.

பொறுமை இல்லாமல் நான் ஒரு பிழை செய்தேன். அன்றே கூட்டாளியிடம் இருந்த ஒரு மலிவுக் கையடக்க பிளேயரில் முதலாவது கசற்றைப் போட்டேன். வாப்பாவின் குரல் வந்தது. "தங்கச்சி, நாங்க எல்லாரும் சுகம்..." என்று தொடங்கினார். வாப்பா வபாத்தாகி 11 வருடம். உம்மா பக்கத்தில் இருந்தா. அடுத்த சொல் வருமுன் கீச்சென்று ஒரு சத்தம். நிறுத்தித் திறந்தால், பிளேயர் ரேப்பைத் தின்றிருந்தது. ஒரு முழ நீளம் கசங்கிப் போயிருந்தது.

உம்மா ஒன்றும் பேசவில்லை. எழும்பிக் குசினிக்குப் போய்விட்டா.

அன்று இரவே என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இப்போது எனக்குக் கேட்காத எதை இது கேட்க வைக்கும்? ஸ்ட்ரீமர் எனக்கு உலகத்தின் கோடிக்கணக்கான பதிவுகளைத் தரும். அவை நாளைக்கும் இருக்கும், அடுத்த வருடமும் இருக்கும், என் 80,000 இல்லாவிட்டாலும் இருக்கும். இந்த ஆறு கசற்றும் அப்படியில்லை. காந்தப் பொடி பூசிய பிளாஸ்ரிக் நாடா, அகலம் நான்கு மில்லிமீற்றர்கூட இல்லை. 40 வருடம் கடந்துவிட்டது. ஈரமும் பூஞ்சணமும் அதற்கு எதிரி. உலகத்தில் வேறு பிரதி இல்லை.

ஆகவே வாங்கியது ஒரு பழைய கசற் டெக். திருத்தகம் ஒன்றில் தூசு பிடித்துக் கிடந்தது. அதற்கும், புது பெல்ற்றுக்கும், ரேப்பை இழுக்கும் றப்பர் உருளைக்கும், திருத்தினவரின் கூலிக்கும், கம்பியூட்டருக்குள் ஒலியை ஏற்றும் ஒரு சின்ன யூ.எஸ்.பி. பெட்டிக்குமாகப் பணம் போனது. கொஞ்சம் மிச்சமும் உண்டு. கடையில் புதிதாகப் பளபளவென்று இருக்கும் எதையும் நான் வாங்கவில்லை என்பதில் மருமகனுக்கு இன்னும் கவலை.

உங்கள் வீட்டிலும் கசற் இருக்கும். அதனால் நான் படித்ததைச் சொல்கிறேன். என்னைப்போல் அவசரப்பட வேண்டாம்.

கிடைத்தவுடன் எந்த பிளேயரிலும் போடாதீர்கள். முதலில் கசற்றின் பின்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்ரிக் தகடுகளை உடைத்துவிடுங்கள். அவை இல்லாவிட்டால் தவறிப்போய் ரெக்கோட் பட்டனை அமத்தினாலும் அழியாது. நடுவில் திறந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். ரேப்புக்குப் பின்னால் சின்னப் பஞ்சுத் துண்டு ஒன்று இருக்கவேண்டும். அது விழுந்திருந்தால் ஒலி தேய்ந்துதான் வரும். வேறொரு வெறும் கசற்றில் இருந்து எடுத்து மாற்றலாம். சுருள் இறுகியிருந்தால் பென்சிலை விட்டு மெதுவாகச் சுற்றித் தளர்த்துங்கள். வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் டெக்கில் போடவே வேண்டாம், மற்றக் கசற்றுகளுக்கும் பரவும்.

டெக்கின் ஹெட்டையும் உருளையையும் பஞ்சுக் குச்சியால் துடைத்த பிறகே போடவேண்டும். ஹெட்டுக்கு ஐசோபுரொப்பைல் அல்ககோல் நல்லது. ஒலி போர்வைக்குள் இருந்து வருவதுபோல் மந்தமாக இருந்தால் பெரும்பாலும் கசற்றில் பிழை இருக்காது. அன்று பதிந்த மெசினின் ஹெட்டும் இன்று வாசிக்கும் ஹெட்டும் ஒரே சரிவில் இல்லாததுதான் காரணம். ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகாணியை ஒரு மயிரளவு திருப்பினால் போர்வை விலகும். இதைத் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

பதியும்போது எம்.பி.3 ஆக வேண்டாம். சுருக்காத வேவ் கோப்பாகப் பதியுங்கள். 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸில் பதிந்தால் 60 நிமிடக் கசற் ஒன்றுக்கு ஏறக்குறைய 1 ஜி.பி. வரும். என் ஆறு கசற்றும் ஒரு சின்னப் பென்ட்ரைவில் அடங்கும். பிறகு வட்சப்பில் அனுப்புவதற்குச் சுருக்கிக்கொள்ளலாம், மூலத்தைச் சுருக்காதீர்கள். மூன்று பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று இன்டர்நெட்டில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடம். எல்லாவற்றையும் ஒரே வீட்டில் வைப்பது எவ்வளவு ஆபத்து என்று நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

"கசற்றைக் கடையில் கொடுத்தால் மாற்றித் தருவார்கள்தானே?" என்று கேட்கலாம். நல்லவர் கையில் என்றால் கொடுங்கள். ஆனால் பக்கத்தில் இருந்து, எந்த மெசினில் போடுகிறார்கள் என்று பார்த்துக் கொடுங்கள். "போனிலேயே கேட்கலாமே, இதற்கு ஏன் ஸ்பீக்கர்?" என்றும் கேட்கலாம். போன் ஸ்பீக்கரில் கேட்டால் ஒருவர்தான் கேட்பார். வாப்பாவின் குரலை வீடே இருந்து கேட்கவேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சின்ன ஸ்பீக்கர் இரண்டும் ஸ்ரூலில் இருக்கின்றன. மகளின் சவுண்ட்பார் ஆசையையும் நான் குறை சொல்லவில்லை. அடுத்த சீட்டில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். சவுண்ட்பார் அடுத்த வருடமும் கடையில் இருக்கும்.

எங்கள் பாடசாலையில் என்னோடு படிப்பிக்கும் தமிழ் ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாங்கள் இல்லாத அந்த 90களில் அவர் இங்கே இருந்தவர். கரண்ட் இல்லை, பற்றறி உள்ளே வரத் தடை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் எடுத்து ரேடியோவுக்குக் கொடுத்து பி.பி.சி. தமிழோசை கேட்டதைச் சொன்னார். டைனமோவில் வருவது 6 வோல்ட், 3 வோட்ஸ். அதுவும் மாறி மாறி ஓடும் கரண்ட் என்பதால் இடையில் டயோட் போட்டு நேராக்கவேண்டும். "சுத்துறவன் களைச்சா செய்தியும் களைச்சுப் போகும் சேர்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த 3 வோட்ஸைச் சுற்றி ஒரு ஒழுங்கையே கூடி இருந்து கேட்டிருக்கிறது. நாம் 40 வோட்ஸ் காணாது என்கிறோம்.

சிரிப்பு முடிந்ததும் அவர் மெதுவாகக் கேட்டார், "சேர், என்னட்டயும் ஒரு கசற் இருக்கு. உங்கட டெக்கில போட ஏலுமோ?" அதில் அவருடைய தம்பியின் குரல் இருக்கிறதாம். பாடசாலைப் பேச்சுப் போட்டிக்கு வீட்டில் பேசிப் பழகியது. தம்பி இப்போது இல்லை. அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அடுத்த கிழமை கொண்டுவருகிறார்.

முதலாவது கசற் முடிந்துவிட்டது. கசங்கிய இடத்தை வெட்டாமல் விரலால் நீவி விட்டேன். அந்த இடத்தில் சுமார் எட்டு செக்கன் கரகரப்பு, இரண்டு சொல் விளங்கவில்லை. அது என் அவசரத்தின் விலை. மிச்சம் 28 நிமிடம் தெளிவு. வாப்பா எங்கள் வீட்டு முற்றத்தில் இருந்து பேசுகிறார். பின்னால் அஸர் பாங்கு. சைக்கிள் மணி. ஒரு பொடியன் பாத்திஹா ஓதுகிறான், இடையில் பிழைவிடுகிறான், வாப்பா திருத்துகிறார். அது நான். பிறகு வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு பெண் யாரையோ கூப்பிடுகிறா. எனக்கு யார் என்று தெரியவில்லை. உம்மா உடனே சொன்னா, பெயரையும், யாருடைய மகள் என்பதையும், அவ புத்தளம் போய் இரண்டாம் வருடம் மௌத்தானதையும். இந்தப் பெயரைச் சொல்ல இன்று ஊரில் உம்மாவைத் தவிர இன்னும் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள்.

அதனால் ஒன்று கேட்கிறேன். இதற்கு டெக்கும் வேண்டாம், 80,000 ரூபாவும் வேண்டாம். உங்கள் வீட்டில், கொழும்பில், புத்தளத்தில், லண்டனில், எங்கே பழைய கசற் இருந்தாலும் எறியாமல் எடுத்து வையுங்கள். ஈரம் படாத, வெயில் படாத இடத்தில், காந்தமுள்ள ஸ்பீக்கருக்குத் தூரமாக வையுங்கள். என் டெக் வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு சும்மாதான் இருக்கும். ஆணோ பெண்ணோ, முஸ்லிமோ தமிழரோ, யாரும் கொண்டுவரலாம். காசு வேண்டாம். ஒரு பென்ட்ரைவ் கொண்டுவந்தால் போதும். குடும்பத்துக்குள் இருக்கவேண்டிய பேச்சு என்றால் சொல்லுங்கள். பதிந்து தந்துவிட்டு என்னிடம் ஒரு பிரதியும் வைக்கமாட்டேன்.

வரும்போது வீட்டில் வயதான ஒருவர் இருந்தால், முடிந்தால் அவரையும் கூட்டி வாருங்கள். குரலைக் கேட்டுப் பெயர் சொல்ல அவர்தான் வேண்டும். நான் பக்கத்தில் கொப்பியோடு இருந்து எழுதிக்கொள்வேன்.

இன்னும் ஐந்து கசற் இருக்கிறது. உம்மா ஒரு நாளைக்கு ஒன்றுதான் கேட்பாவாம், மிச்சத்தை வைக்கச் சொல்லியிருக்கிறா.